9.9 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மணிக்கு 4 லிட்டர் குடிக்குது, இது சரியா?

குளச்சல்_வள்ளம்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். எங்ககிட்ட 27 அடி ஃபைபர் வள்ளம், ரொம்ப வருசமா மண்ணெண்ண டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போட்டுத்தான் தொழில் பாத்தோம், அது தேஞ்சு போய் ரிப்பேருக்கே காசு கொட்ட வேண்டியிருந்துச்சு, அதனால இப்ப 9.9 எச்பி பெட்ரோல் ஃபோர் ஸ்ட்ரோக் ஒண்ணு எடுத்திருக்கோம். எடுக்கும்போது எல்லாரும் சொன்னது எண்ணெய் பாதியா கொறைஞ்சிரும்னுதான். ஆனா ஃபுல் த்ராட்டில்ல (முழுசா முறுக்கி) ஓட்டுனா மணிக்கு 4 லிட்டர் கிட்ட போகுது. ஜிபிஎஸ்ல 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) காட்டுது, அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. அஞ்சு பேரு, வலை, ஐஸ் பெட்டி எல்லாம் சேத்துதான். நாங்க போற எடம் கரையில இருந்து ஒரு 10 கடல் மைல், போய்ட்டு வர ஓட்டத்துக்கு மட்டும் 11, 12 லிட்டர் ஆகுது. பக்கத்து வள்ளத்துலயும் அதே 9.9 தான், அவங்க 8 லிட்டர்ல முடிக்கிறாங்க. சித்தப்பா புது எஞ்சின்ல ஏதோ கோளாறு, திருப்பிக் குடுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. கார்பரேட்டர் செட்டிங்ல ஏதும் செய்யணுமா இல்ல இதுதான் கணக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முட்டம்_மெக்கானிக்:
கார்பரேட்டர்ல கைய வச்சிராத தம்பி, வாரண்டியும் போயிரும் எஞ்சினும் போயிரும். 9.9க்கு ஃபுல் த்ராட்டில்ல மணிக்கு மூணரையில இருந்து 4 லிட்டர்ங்கிறது சரியான கணக்குதான். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல்னா ஒரு எச்பிக்கு ஒரு மணி நேரத்துக்கு 0.35ல இருந்து 0.4 லிட்டர்னு மனசுல வச்சுக்க, எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஏறக்கொறைய அதுதான் வரும். கார்பரேட்டர் வச்ச பழைய டூ ஸ்ட்ரோக்னா எச்பிக்கு அரை லிட்டர் வரைக்கும் போவும், ஏன்னா அதுல புது எண்ணெய் உள்ள வர்ற நேரத்துல புகை போற வாசலும் தொறந்தே இருக்கும், எண்ணெய்ல கால்வாசி கிட்ட எரியாம அப்படியே தண்ணிக்குள்ள போயிரும், கடல்ல பளபளன்னு ஒரு படலம் மிதக்கும் பாத்திருப்ப, அதெல்லாம் நீ காசு குடுத்து வாங்குன எண்ணெய்தான்.

ஆக எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. பாதியா கொறையும்னு சொன்னது வியாபாரப் பேச்சு, ஃபுல் த்ராட்டில்ல கொறையிறது அஞ்சுக்கு நாலுங்கிற அளவுதான், மெதுவா ஓட்டும்போதுதான் ஃபோர் ஸ்ட்ரோக்கோட லாபம் நல்லா தெரியும்.

ஆனா பக்கத்து வள்ளம் 8ல முடிக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். இத மட்டும் பாத்து சொல்லு: ஃபுல் த்ராட்டில்ல ஆர்பிஎம் (எஞ்சின் நிமிசத்துக்கு எத்தன சுத்து) எவ்வளவு வருது (மீட்டர் இல்லன்னா ப்ளக் ஒயர்ல சுத்துற சின்ன டாக்கோமீட்டர் கெடைக்குது, வாங்கிக்க), ப்ரொப்பல்லர்ல என்ன நம்பர் அடிச்சிருக்கு, எஞ்சின்ல ப்ரொப்பல்லருக்கு மேல தட்டையா ஒரு பிளேட் இருக்கும்ல அது வள்ளத்தோட அடிமட்டத்துக்கு நேரா இருக்கா கீழ போயிருக்கா.

கணக்குப்புள்ள:
மெக்கானிக் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. மணிக்கு எத்தன லிட்டர்னு கேக்குறதே நமக்கு ஒதவாத கணக்கு. நீங்க மணிக்கணக்குக்கா கடலுக்குப் போறீங்க, பத்து மைல் போய் வலை போடத்தான போறீங்க, அப்ப ஒரு மைலுக்கு எத்தன லிட்டர்ங்கிறதத்தான் பாக்கணும். உங்க நம்பர வச்சே போடுங்க, 4 லிட்டர 7ஆல வகுத்தா மைலுக்கு 0.57. பக்கத்து வள்ளம் 20 மைலுக்கு 8 லிட்டர்னா 0.4. அவங்க எஞ்சின் நல்ல எஞ்சின் உங்களுது கெட்ட எஞ்சின்னு இல்ல, அனேகமா அவங்க மெதுவா ஓட்டுறாங்க, அவ்வளவுதான். ஒரு நாள் பின்னாடியே போய் ஜிபிஎஸ்ல அவங்க வேகத்தப் பாருங்க.

ஏன் இப்படின்னா, தண்ணிய தள்ளிக்கிட்டுப் போற வள்ளத்துக்கு ஒரு இயற்கை வேகம் இருக்கு. தண்ணியில படுற நீளத்த அடியில எடுத்து, அதுக்கு வர்க்கமூலம் போட்டு, 1.34ஆல பெருக்கணும், வர்றது நாட். உங்க வள்ளம் 27 அடின்னா தண்ணியில படுறது ஒரு 24 அடி இருக்கும், 24க்கு வர்க்கமூலம் 4.9, பெருக்குனா ஆறரை நாட். அதத் தாண்ட முயற்சி பண்ணும்போது வள்ளம் தான் எழுப்புற அலைக்கு மேலயே ஏறப் பாக்குது, அணியம் (முன்பக்கம்) தூக்குது, அமரம் (பின்பக்கம்) தாழுது, பின்னாடி பெருசா நுரையோட அலை வருது, அந்த அலைய எழுப்புற செலவு பூரா உங்க டேங்க்ல இருந்துதான். நீங்க 7ல ஓடுறீங்கன்னா அந்த எல்லைய முட்டிக்கிட்டு நிக்கிறீங்க, இன்னும் அஞ்சு எச்பி சேத்தாலும் அரை நாட்தான் கூடும்.

வேகத்துக்குத் தேவைப்படுற சக்தி ஏறக்கொறைய வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும். அத வச்சுப் பாத்தா 7ல இருந்து ஐந்தரைக்கு எறங்குனா மணிக்கு 4 லிட்டர் 2 லிட்டராயிரும். மைலுக்கு 0.36. இருவது மைல் ஓட்டத்துக்கு 7 லிட்டர் சொச்சம். கூட ஆகுற நேரம் போகவும் வரவும் சேத்து முக்கா மணி. நாலு லிட்டர் பெட்ரோல் மிச்சம், லிட்டர் 100 ரூபான்னு வச்சா 400 ரூபா, ஒரு நாளைக்கு. முக்கா மணி நேரத்துக்கு 400 ரூபா யாரு தர்றா சொல்லுங்க.

ஏலக்கூடம்:
கணக்குப்புள்ள அண்ணன் கணக்கு காயிதத்துல நல்லா இருக்கு. கரைக்கு முக்கா மணி நேரம் லேட்டா வந்தா ஏலம் முடிஞ்சு ஐஸ் போட்ட லாரி கெளம்பியிருக்கும், மீனுக்கு வெல பாதிதான் கெடைக்கும், அப்ப அந்த 400 எங்க போச்சு? எங்க ஊர்ல காலையில மொதல்ல வர்ற வள்ளத்துக்குத்தான் வெல. அதுவும் சாளை நெத்திலி மாதிரி மீனுன்னா சொல்லவே வேண்டாம், பத்து வள்ளம் வந்துட்டா எடுக்க ஆளே இல்ல. எண்ணெய மட்டும் பாத்து தொழில் பண்ண முடியாது.

கணக்குப்புள்ள:
அதுவும் நெசந்தான், மறுக்கல. ஆனா போகும்போது எதுக்கு ஃபுல் த்ராட்டில்? முக்கா மணி நேரத்துல பாதி போகும்போது உள்ளது, அதுக்கு இருவது நிமிசம் முன்னாடி கெளம்புனா முடிஞ்சது. வரும்போது மீன் இருந்தா முறுக்குங்க. மீன் இல்லாத அன்னைக்கும் எல்லாரும் முறுக்கிட்டுத்தான் வர்றாங்க, அதத்தான் நான் கேக்குறேன். பக்கத்து வள்ளம் முந்திருச்சுன்னா நம்ம கை தானா த்ராட்டில முறுக்குது, அந்தப் போட்டிக்கு உள்ள எண்ணெய்க்குக் கணக்கே கெடையாது.

குருநகர்_கடலோடி:
வணக்கம் அண்ணையாக்கள், நான் யாழ்ப்பாணப் பக்கம். நீங்கள் கதைக்கிற கணக்கு உங்கட பெரிய வள்ளத்துக்குச் சரி, ஆனா எங்கட பக்கம் இருக்கிறது 18, 19 அடி ஃபைபர் போட், ரெண்டு பேர் போற போட், அதுக்கு 15, 25, 40 எச்பி கூட பூட்டி ஓடுவினம். அதுக்கு இந்தக் கணக்கு அப்பிடியே வராது. பாரமில்லாத போட்டுக்கு பெரிய எஞ்சின் பூட்டினா ஒரு வேகத்துக்குப் பிறகு போட் தண்ணிக்கு மேல எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும், எழும்பினாப் பிறகு த்ராட்டில கொஞ்சம் குறைச்சாலும் வேகம் குறையாது. மெல்லமா 5 நாட்டில ஓடினாலும் எண்ணெய் மிச்சம், எழும்பி 15, 16 நாட்டில ஓடினாலும் மைலுக்கு ஓரளவு சரிவரும், ரெண்டுக்கும் நடுவில 8, 9 நாட்டில அணியத்தைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஒண்டும் தெரியாம ஓடுறதுதான் ஆகக் கேடான ஓட்டம். வலையும் மீனுமா பாரம் ஏறினா எழும்பாது, அப்ப 40ஐ முறுக்கிக்கொண்டு நிண்டா மணிக்கு 20 லீட்டர் ஊத்துப்படும். எழும்பாது எண்டு தெரிஞ்சா உடன குறைச்சு மெல்லமா வாறதுதான் புத்தி.

எங்களுக்கு இதெல்லாம் 2022இல படிப்பிச்சது. அந்த வருசம் ஆகஸ்ட்டில மண்ணெண்ணெய் லீட்டர் 87 இலங்கை ரூபாவில இருந்து ஒரே இரவில 340 ரூபாவாக் கூடினது. அதுக்கு முதல் லீட்டர் கணக்கு ஆர் பாத்தது? பிறகுதான் கனபேர் 40ஐக் கழட்டி வச்சிட்டு 15ஐப் பூட்டினவை, தூரம் போறதைக் குறைச்சவை.

குளச்சல்_வள்ளம்:
எல்லாருக்கும் நன்றி. டாக்கோமீட்டர் வாங்கி மாட்டிப் பாத்தேன், முழு லோடோட ஃபுல் த்ராட்டில்ல 4300 தான் வருது. ப்ரொப்பல்லர்ல 9¼ × 10½ னு இருக்கு. அந்த பிளேட்டு வள்ளத்தோட அடிய விட நாலு விரக்கட (விரல் அகலம்) கீழ நிக்குது. இது தப்பா?

முட்டம்_மெக்கானிக்:
ஆங், இங்கதான் இருக்கு விசயம். உன் எஞ்சின் புஸ்தகத்த எடுத்துப் பாரு, ஃபுல் த்ராட்டில் ரேஞ்ச்னு போட்டிருக்கும், இந்த சைஸ் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு பெரும்பாலும் 5000ல இருந்து 6000. உனக்கு 4300தான் வருதுன்னா எஞ்சின் தன்னோட 9.9 எச்பியையே குடுக்கல, மூச்சு முட்டிக்கிட்டு நிக்குது. பைக்குல ரெண்டு மூட்டை அரிசி ஏத்திக்கிட்டு மேட்டுல டாப் கியர்ல போனா எப்படி இருக்கும், அதேதான். எண்ணெயும் வீணு, நாள்பட்டா கார்பன் புடிச்சு வால்வும் கெடும்.

அந்த 9¼ங்கிறது ப்ரொப்பல்லர் விட்டம், 10½ங்கிறது பிட்ச், ஒரு சுத்து சுத்துனா வழுக்காம எத்தன இஞ்ச் முன்னாடி போகணும்ங்கிறது. கணக்கு போட்டுக் காட்டுறேன் பாரு. இந்த வகை எஞ்சின்ல கியர் 2.08னு இருக்கும், அதாவது எஞ்சின் 2.08 சுத்து சுத்துனா ப்ரொப்பல்லர் ஒரு சுத்து, 4300அ 2.08ஆல வகுத்தா ப்ரொப்பல்லர் நிமிசத்துக்கு 2067 சுத்து. ஒரு சுத்துக்கு 10½ இஞ்ச்னா மணிக்கு கிட்டத்தட்ட 18 கடல் மைல் போகணும். நீ போறது 7. அப்ப நூத்துக்கு அறுவது வழுக்கலாவே போகுது! உங்க கடையில குடுத்தது சின்ன, லேசான உல்லாசப் போட்டுக்கு வர்ற ப்ரொப்பல்லர், டப்பாவோட வந்தத அப்படியே மாட்டி விட்டுருக்காங்க. நம்ம பாரத்துக்கு பிட்ச் கொறைஞ்சது வேணும், 8 அல்லது அதுக்குள்ள, பிளேடு அகலமா இருந்தா நல்லது. ஒரு இஞ்ச் பிட்ச் கொறைச்சா 150ல இருந்து 200 ஆர்பிஎம் ஏறும்னு ஒரு குத்துமதிப்பு, ரெண்டரை இஞ்ச் கொறைச்சா ஒரு 400, 500 ஏறும், மிச்சத்துக்கு எஞ்சின் ஒயரத்த சரி பண்ணிப் பாக்கணும்.

ஒரு உண்மையயும் சொல்லிர்றேன், 7 நாட்ல போற கனமான வள்ளத்துக்கு எந்தச் சின்ன ப்ரொப்பல்லர் போட்டாலும் வழுக்கல் பெருசாத்தான் இருக்கும். இதுக்குன்னே ஹை த்ரஸ்ட்னு ஒரு வகை 9.9 வருது, கியர் 2.92, ப்ரொப்பல்லர் விட்டம் பன்னெண்டு இஞ்ச் கிட்ட, மெதுவா சுத்தி நெறைய தண்ணிய தள்ளும். எஞ்சின் வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா அதத்தான் சொல்லியிருப்பேன், இப்ப வாங்கியாச்சு, உள்ளத வச்சு சரி பண்ணுவோம்.

பிளேட்டு நாலு விரக்கட கீழ நிக்குறதும் தப்புதான். அவ்வளவு நீளம் காலு தண்ணிக்குள்ள இழுபட்டுக்கிட்டே வரும். அது வள்ளத்து அடிக்கு நேரா, இல்லன்னா ஒரு விரக்கட கீழ இருந்தாப் போதும். எஞ்சின் மாட்டுற எடத்துல பலகை வச்சு ஒசத்து, ஆனா ஒரேயடியா ஒசத்திராத, அலையில ஆடும்போது ப்ரொப்பல்லர் காத்த இழுத்து எஞ்சின் கத்தும், நம்ம ஆனி ஆடி கடலுக்கு கொஞ்சம் தாழ இருக்குறதே நல்லது. அப்புறம் சாய்வு வைக்கிற பின்னு, அத ஓட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாரு, வள்ளம் நேரா மட்டமா ஓடுற ஓட்டைதான் உனக்கு. ஐஸ் பெட்டிய அமரத்துல வச்சிருந்தா நடுவுக்கு நகத்து.

தேங்காப்பட்டணம்:
வள்ளத்துக்கு அடியில பாத்தீங்களா மக்கா? கரையில ஏத்தாம துறைமுகத்துலயே கட்டிப் போட்டிருந்தா பாசியும் கொட்டலசும் (சிப்பி மாதிரி அடியில ஒட்டிக்கிறது) புடிச்சிருக்கும், அதுவே அரை நாட்ட தின்னுரும். உள்ள நிக்கிற தண்ணியயும் எறச்சுட்டுக் கெளம்புங்க, நூறு லிட்டர் தண்ணின்னா நூறு கிலோ, ஒன்றரை ஆள சும்மா ஏத்திக்கிட்டுப் போற மாதிரி. பழைய ஃபைபருன்னா உள்ள அடைச்ச ஃபோம் தண்ணி குடிச்சிருக்கும், அது எறச்சாலும் போவாது.

அப்புறம் எனக்கு வேற ஒரு கேள்வி. மண்ணெண்ண எஞ்சின விட்டுட்டு பெட்ரோலுக்கு ஏன் போனீங்க? நமக்கு அரசாங்கம் மானியத்துல லிட்டர் 25 ரூபாய்க்கு மண்ணெண்ண தருது, 2023 ஆகஸ்ட்டுல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல வருசத்துக்கு 3400 லிட்டர 3700 ஆக்குறோம்னும் சொன்னாங்க. பழைய எஞ்சின் மணிக்கு 5 லிட்டர் குடிச்சாக்கூட 125 ரூபா, 50க்கு 1னு வச்சாலும் அதோட கலக்குற டூடி (2T) ஆயில் 100 மில்லி, அதுக்கு ஒரு 40 ரூபா. பெட்ரோல் எஞ்சின் 4 லிட்டர் குடிச்சா 400 ரூபா. இதுல எங்க லாபம்?

கணக்குப்புள்ள:
மானிய மண்ணெண்ண கைக்கு வர்ற வரைக்கும் நீங்க சொல்றதுதான் கணக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 3700 லிட்டர 5ஆல வகுங்க, 740 மணி நேரம். வருசத்துல 240 நாள் தொழிலுக்குப் போனா ஒரு நாளைக்கு மூணு மணி நேர ஓட்டம். இவரு மாதிரி பத்து மைல் போறவருக்கு போக வர மட்டுமே அது முடிஞ்சிரும், வலைய சுத்தி ஓடுறதுக்கும் எடம் தேடுறதுக்கும் மிச்சம் இல்ல. அதுக்கு மேல வெளியில வாங்குற மண்ணெண்ண வெலைய நீங்களே சொல்லுங்க. கிட்டத்துல தொழில் பாக்குறவருக்கு மண்ணெண்ண, தூரம் போறவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக், இது என் அபிப்பிராயம். ரெண்டையும் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி ஓட்டுறவங்களும் இருக்காங்க. எப்படி இருந்தாலும் மெதுவா ஓட்டுனா ரெண்டுலயும் மிச்சம்.

முட்டம்_மெக்கானிக்:
பெட்ரோல் பேச்சு வந்ததால ஒண்ணு. இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால்ல சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால சுத்தப் பெட்ரோலோட ஒப்பிட்டா லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஓட்டம் கொறையும், அது எஞ்சின் குத்தம் இல்ல. அத விடப் பெரிய தொல்லை தண்ணி. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், கடல்ல சொல்லவா வேணும், அளவுக்கு மீறுனா தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு கேன் அடியில தங்கிரும், எஞ்சின் பாதிக் கடல்ல நின்னுரும். அவுட்போர்டு புஸ்தகங்கள்ல பெரும்பாலும் 10 சதவீதம் வரைக்கும்னுதான் போட்டிருக்கு, ஆனா பங்க்குல நமக்கு வேற கெடைக்கல. தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு லைன்ல போட்டுருங்க, ரெண்டு வாரத்துக்கு மேல நின்ன பெட்ரோல ஊத்தாதீங்க, தொழிலுக்குப் போகாத நாள்ல கார்பரேட்டர்ல இருக்குறத ஓட்டித் தீத்துட்டு நிறுத்துங்க.

குளச்சல்_வள்ளம்:
அண்ணே எஞ்சின ரெண்டு இஞ்ச் ஒசத்தி மாட்டிட்டேன், ஐஸ் பெட்டிய நடுவுக்கு கொண்டு வந்தாச்சு, அடிய சுரண்டியாச்சு (கொட்டலசு நெறையவே இருந்துச்சு). ப்ரொப்பல்லர் இன்னும் மாத்தல. அளந்து பாக்க ஒரு சின்ன ஏற்பாடு பண்ணேன், அளவு கோடு போட்ட 5 லிட்டர் கேன்ல இருந்து ட்யூப் குடுத்து, ஜிபிஎஸ்ல 2 மைல் குறிச்சுக்கிட்டு, காத்தும் நீரோட்டமும் சரியாகணும்னு போனதும் வந்ததும் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன். ஃபுல் த்ராட்டில்ல 7.2 நாட், மைலுக்கு 0.53. த்ராட்டில கொறைச்சு 5.6 நாட்ல மைலுக்கு 0.37. சித்தப்பாவ உக்கார வச்சுதான் அளந்தேன், அவரு ஒண்ணும் சொல்லல, ஆனா மறுநாள் போகும்போது அவரே த்ராட்டில கொறைச்சாரு. வரும்போது மட்டும் அவரு கைய யாரும் புடிக்க முடியாது.

பக்கத்து வள்ளத்தயும் பாத்தேன், அவங்க போகும்போது ஐந்தரைதான் போறாங்க.

இப்ப ப்ரொப்பல்லர் பாக்குறேன். பழைய மார்க்கெட்டுல 9¼ × 8 ஒண்ணு இருக்கு, ஒரு பிளேடு ஓரத்துல லேசா சப்பி இருக்கு, பாதி வெலைக்குத் தர்றேங்கிறான். எடுக்கலாமா?

முட்டம்_மெக்கானிக்:
சப்பி இருந்தா எடுக்காத. ஒரு பிளேடு மத்ததுக்கு ஒத்து வரலன்னா அதிரும், அந்த அதிர்ச்சி கியர் பாக்ஸ் சீலத் தின்னும், தண்ணி உள்ள போனா அப்புறம் ப்ரொப்பல்லர் வெலையப் போல பத்து மடங்கு செலவு. அவன் வெலைய இன்னும் கொறைச்சு, வெல்டிங் வச்சு பிட்ச் சரி பண்ற ஆளும் உனக்குத் தெரிஞ்சிருந்தா பாக்கலாம், இல்லன்னா புதுசே எடு. எடுக்கும்போது உன் பழைய ப்ரொப்பல்லரக் கையில கொண்டு போ, உள்ள இருக்குற பல்லு எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும், குழாய் வழியா புகை போற ஓட்டையும் அதே மாதிரி இருக்கணும். மாட்டிட்டு முழு லோடோட ஆர்பிஎம் பாரு, 5000ஐத் தொட்டா போதும், லோடு இல்லாதப்ப 6000ஐத் தாண்டுதான்னும் ஒரு தடவ பாத்துக்க. பழசத் தூக்கிப் போட்டுராத, வள்ளத்துல ஸ்பேரா கெடக்கட்டும், ப்ரொப்பல்லர மாட்டுற எடத்துல வர்ற ஷியர் பின்னோ கொட்டர் பின்னோ உன் எஞ்சின்ல எது இருக்கோ அதுவும் ரெண்டு சேத்து வச்சுக்க.